முதல் நடன வகுப்பு: எந்த வயதில், எந்த வகுப்பில், எந்த நடனத்தில்?

பிள்ளையை நடன வகுப்பில் சேர்க்கலாம் என்று பேச்சு வந்ததும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ‘எந்த நடனம்?’ என்பதுதான். பரதநாட்டியமா, பாலேவா, ஹிப்ஹாப்பா, பாட்டுக்கு ஸ்டெப் சொல்லித்தரும் வகுப்பா என்று அலசிவிட்டு, கடைசியில் தெரிந்தவர் யாராவது சொன்ன இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் அந்தக் கேள்வியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வேன். முதலில் பார்க்க வேண்டியது வயது, அதாவது பிள்ளையின் உடம்பு எதற்குத் தயாராக இருக்கிறது என்பது. அடுத்தது அந்த வகுப்பு நடக்கிற விதம். இவை இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் எந்த நடனமானாலும் பிள்ளை ஒட்டிக்கொள்ளும். இவை தப்பிவிட்டால், ஆசைப்பட்டுச் சேர்ந்த நடனமே கசந்துபோகும். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் விஷயம் இது. அதனால் இந்த ஒப்பீட்டையும் அதே வரிசையில் எழுதுகிறேன்.

மூன்று வயதா, ஐந்தா, ஏழா?

‘சின்ன வயசுலயே ஆரம்பிச்சாதான் உடம்பு வளையும்’ என்பார்கள். உடம்பு வளைவது வேறு, எலும்பும் மூட்டும் ஒரு நிலைக்கு வந்து நிற்பது வேறு. நடக்கத் தொடங்கும் பிள்ளையின் கால்கள் வெளிப்பக்கமாக வில்போல வளைந்திருக்கும். மூன்று, நான்கு வயதில் இது நேர்மாறாகி, முழங்கால்கள் இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயதை ஒட்டி அது தானாகவே நேராகிவிடும். தொடை எலும்பிலும் இப்படி ஒரு மாற்றம் நடக்கிறது. பிறக்கும்போது அதன் மேல்பகுதி முன்பக்கமாகச் சற்று முறுகியிருக்கும், வளர வளர அந்த முறுக்கு குறையும். மூன்றிலிருந்து ஆறு வயதுவரை பல பிள்ளைகள் பாதத்தை உள்பக்கம் திருப்பி நடப்பதற்கும், இரண்டு கால்களையும் பக்கவாட்டில் பின்னுக்கு மடித்து உட்காருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, பரதநாட்டியத்தில் முழங்கால்களை வெளிப்பக்கமாக மடக்கிப் பாதி உட்கார்ந்தாற்போல் நிற்கும் அரைமண்டியைப் பாருங்கள். அரைமண்டிக்கும் சரி, பாலேயின் அடிப்படை நிலைகளுக்கும் சரி, அடித்தளம் தொடையை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்பக்கம் திருப்புவதுதான். நான்கு வயதுப் பிள்ளையின் இடுப்பு அதற்கு இன்னும் முழுதாக இடம் கொடுப்பதில்லை. ‘காலை இன்னும் திருப்பு’ என்று டீச்சர் சொன்னால், திருப்ப முடிந்த ஒரே பகுதியான பாதத்தை அந்தப் பிள்ளை திருப்பும். பாதம் ஒரு பக்கம் பார்க்கும், தொடை ஒரு பக்கம் பார்க்கும், நடுவில் முழங்கால் முறுக்கேறி நிற்கும். ஒரு வகுப்பில், இரண்டு வகுப்பில் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டால் பத்து வயதில் அதை மாற்றுவதற்குள் டீச்சருக்கும் பிள்ளைக்கும் போதும் போதும் என்றாகிவிடும்.

தாளத்துக்கும் வயதுக்கும் தொடர்பு உண்டு. சின்னப் பிள்ளைகளின் உடம்புக்கு இயல்பான வேகம் பெரியவர்களுடையதைவிட அதிகம். கைதட்டச் சொன்னால் படபடவென்று தட்டுவார்கள். மெதுவான தாளத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே காத்திருப்பதுதான் அவர்களுக்குச் சிரமம். ‘இவ்வளவு மெதுவாகச் சொல்லியும் வரவில்லையே’ என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்ளும் இடத்தில், உண்மையில் அந்தப் பிள்ளை கடினமான வேலை ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறது. ஒற்றைக் காலில் நொண்டுவது நான்கு வயதுவாக்கில் வரும். கால் மாற்றிக் கால் துள்ளித் துள்ளி ஓடுவது ஐந்து, ஆறு வயதில்தான் கூடிவரும். தன் இடது வலதைத் தடுமாறாமல் சொல்ல ஏறக்குறைய ஆறு வயதாகிவிடும். எதிரில் நிற்பவரின் இடது வலது புரிய அதற்கு மேலும் ஓரிரு வருடம் ஆகும்.

ஆகவே மூன்று, நான்கு வயதுக்கு முறையான நடனப் பயிற்சியைவிட, சுதந்திரமாக அசைந்து ஆடவிடும் வகுப்புதான் பொருத்தம். அப்படி ஒன்று பக்கத்தில் இல்லையென்றால் காத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடங்கள் ஓடியாட வேண்டும், அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. வாரத்தில் 40 நிமிட வகுப்பு அந்தக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. வீட்டில் பாட்டுப் போட்டுக் குதிப்பதும் வெளியில் ஓடி விளையாடுவதும்தான் அந்த வயதின் முதன்மையான நடனப் பயிற்சி. ஐந்து, ஆறு வயதில் விளையாட்டும் அடிப்படைப் பாடமும் கலந்த வகுப்பில் சேர்க்கலாம். ஏழு, எட்டில் பிள்ளை முறையான பயிற்சிக்குத் தயார். எட்டு வயதில் வந்து சேர்ந்த பிள்ளை, நான்கு வயதிலிருந்து ஆடும் பிள்ளையை ஓரிரு வருடத்தில் எட்டிப் பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘லேட்டாயிடுச்சு’ என்று யாரும் பதற வேண்டாம்.

வகுப்பை எப்படிப் பார்ப்பது?

டிரையல் கிளாஸுக்குப் போகும்போது எல்லோரும் தங்கள் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை புது இடத்தில் மிரண்டிருக்கும், அதை வைத்து ஒன்றும் தெரியாது. ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளில், கடைசி வரிசையில் நிற்கும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை அதை மட்டும் கவனியுங்கள். எத்தனை நிமிடம் அந்தப் பிள்ளை அசைகிறது? எத்தனை நிமிடம் வரிசையில் தன் முறைக்காக நிற்கிறது? டீச்சர் எத்தனை தடவை அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்? கூப்பிட்டபோது சொன்னது என்ன, ‘ஒழுங்கா நில்லு’ என்பதா, ‘கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்கினா நல்லாருக்கும்’ என்பதா?

வகுப்புகளை ஒப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் எந்த வகுப்பிலும் நன்றாகத்தான் ஆடுவார்கள். கடைசி வரிசையில் இருப்பது பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளை, நாளைக்கு உங்கள் பிள்ளை நிற்கப்போகும் இடமும் அதுதான்.

நான் பார்த்து வியந்த ஒரு வகுப்பில், ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். டீச்சர் வரிசை போடவே இல்லை. முதலில் வட்டமாக உட்கார்ந்து கைதட்டித் தாளம். பிறகு எல்லோரும் எழுந்து அந்தத் தாளத்துக்கே நடை. தாளம் நின்றதும் சிலைபோல் நிற்க வேண்டும். நின்ற இடத்திலேயே ‘முழங்காலை மடக்குங்க, முதுகு செவுத்துல ஒட்டின மாதிரி இருக்கட்டும்’ என்றார். எட்டு எண்ணிக்கை முடிந்ததும் மறுபடி நடை. பிள்ளைகள் விளையாடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடத்தில் அவர்கள் பதினைந்து தடவையாவது சரியான நிலையில் மடங்கி நிமிர்ந்திருப்பார்கள். ஒருவர்கூடக் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை, ஏனென்றால் எந்தத் தடவையும் களைக்கும்வரை பிடித்து வைக்கவில்லை. இதே பாடத்தை வரிசையாக நிறுத்தி, நான்கு நான்கு பேராகச் செய்யச் சொல்லியிருந்தால் எட்டுப் பேர் எந்நேரமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தள்ளிவிடத் தொடங்கியிருப்பார்கள், டீச்சரின் நேரமெல்லாம் அவர்களை அதட்டுவதில் போயிருக்கும்.

நன்றாக ஆடுகிறவர் நன்றாகச் சொல்லித் தருவார் என்று சொல்ல முடியாது. மேடையில் பெயர் வாங்கிய கலைஞர் ஒருவர், சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்காரும் பொறுமையுள்ள பெயர் தெரியாத ஓர் ஆசிரியர், இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால், முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாமவரிடம் அனுப்புவேன். பெரிய கலைஞரிடம் பத்து வயதில் போகலாம். பெரிய பெயருள்ள பள்ளிகளில் ஆரம்ப வகுப்பை மூத்த மாணவிகள் எடுப்பதும் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் யார் எடுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் எடுக்கும் வகுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

டீச்சரிடம் கேட்க வேண்டியவற்றில் ஒன்று, பிள்ளையைத் தொட்டுத் திருத்துவது பற்றி. தோளைத் தொட்டு, முதுகைத் தொட்டு நிலையைச் சரிசெய்வது நடனப் பயிற்சியில் சாதாரணம். ‘தொடட்டுமா?’ என்று பிள்ளையிடமே கேட்டுவிட்டுத் தொடுகிற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அடிப்பது, கிள்ளுவது, ‘குண்டா இருக்கே, எப்படி ஆடுவே’ என்று உடம்பைச் சொல்லிப் பேசுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே வெளியே வந்துவிட வேண்டும். கலைக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் அல்ல இவை. பெற்றோர் எட்டிப் பார்க்கவே கூடாது என்று கதவைச் சாத்திவைக்கும் இடத்திலும் எனக்கு உடன்பாடில்லை. தினமும் உள்ளே உட்கார வேண்டியதில்லை. பார்க்க விரும்பினால் பார்க்கலாம் என்ற நிலை இருக்க வேண்டும்.

பெற்றோர் உள்ளே இருப்பதா, வெளியே இருப்பதா என்பதில் பிள்ளைக்குப் பிள்ளை வித்தியாசம் உண்டு. மூன்று வயதில் அம்மாவோ அப்பாவோ கூடச் சேர்ந்து ஆடும் வகுப்புதான் நல்லது. ஐந்து வயதில் கண்ணில் படுகிற தூரத்தில் உட்கார்ந்தால் சில பிள்ளைகளுக்குத் தைரியம் வரும், சில பிள்ளைகளோ ஒவ்வொரு அடிக்கும் அம்மா முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது வகை என்றால் மெல்ல வெளியே வந்துவிடுங்கள். தனி வகுப்பா, குழுவா என்றால் இந்த வயதில் குழுதான். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கற்பது, சேர்ந்து நிற்பது, தன் தவறு யாருக்கும் பெரிதாகத் தெரியாமல் போவது, இதெல்லாம் தனி வகுப்பில் கிடைக்காது. கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத பிள்ளைக்கு மட்டும் சில மாதம் தனியாகத் தொடங்கி, பிறகு குழுவில் சேர்க்கலாம். ஆன்லைன் வகுப்பை ஏழு வயதுக்குக் கீழே நான் பரிந்துரைப்பதில்லை. திரையில் இடது வலது குழம்பும், சத்தம் சற்றுப் பிந்தி வருவதால் தாளம் நழுவும், முழங்கால் உள்ளே சாய்வது டீச்சரின் கண்ணுக்குத் தெரியாது.

தரையைக் கட்டாயம் பாருங்கள். வெறும் சிமென்ட் தரையிலோ அதன்மேல் ஒட்டிய டைல்ஸிலோ குதித்தால் அந்த அதிர்ச்சியை உள்வாங்க அங்கே எதுவும் இல்லை, முழுவதும் குதிகாலுக்கும் முழங்காலுக்கும் கீழ்முதுகுக்கும் திரும்பி வரும். அடியில் இடைவெளி விட்டுப் போட்ட மரத்தளம் கொஞ்சம் அமுங்கி எழும், நடனத்துக்கு அதுதான் சிறந்தது. எல்லா இடத்திலும் அது கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். கிடைக்காத இடத்தில் ஆசிரியர் குதிப்பதையும் பலமாகத் தட்டுவதையும் குறைத்துச் சொல்லித் தருகிறாரா என்று பாருங்கள். வளரும் வயதில் குதிகால் எலும்பின் வளர்ச்சிப் பகுதி மென்மையானது. சுமார் எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் அதிகம் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே வலி வருவது சகஜம். ‘குதிகால் வலிக்குது’ என்று பிள்ளை சொன்னால் சாக்குச் சொல்கிறது என்று தள்ளிவிடாமல் ஓய்வு கொடுங்கள், விடாமல் வலித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, மேடை. சேர்ந்த சில மாதத்திலேயே ஆண்டு விழாவில் ஏற்றும் வகுப்புகள் உண்டு, முதல் இரண்டு வருடம் மேடையே கிடையாது என்னும் வகுப்புகளும் உண்டு. முதல் வகையில் பிள்ளைக்கு உற்சாகம் கிடைக்கும், ஆனால் விழாவுக்கு முந்தைய இரண்டு மூன்று மாதம் அடிப்படைப் பாடம் நின்றுபோய் ஒரே பாட்டின் ஒத்திகையாகவே ஓடும். இரண்டாவது வகையில் அடித்தளம் பலமாகும், ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு ‘இதெல்லாம் எதுக்கு?’ என்று தோன்றிவிடும். வகுப்பறையிலேயே பெற்றோரை உட்கார வைத்து, அதுவரை கற்றதை மேக்கப்பும் உடையும் இல்லாமல் ஆடிக் காட்டச் சொல்கிற இடங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். மேடை உண்டென்றால் உடை, நகை, மேக்கப் செலவு யாருடையது என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள். பின்னால் மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அதில்தான்.

நடனங்களை ஒப்பிட்டால்

பரதநாட்டியத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், தமிழ் வீடுகளில் அதிகம் கேட்கப்படுவது அதுதான். இதன் பெரிய பலம், ஒரே கலைக்குள் உடல், தாளம், கதை, முகம், விரல் எல்லாமும் இருப்பது. ஒற்றைக்கை முத்திரைகள் 28. ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதாகை, மயில், மான் தலை என்று கையால் உருவம் செய்து காட்டினால் கண் விரியும். கதை சொல்லும் பகுதி அதைவிடப் பிடிக்கும். இதன் சிரமம், முதல் வருடப் பாடம் அரைமண்டியில் நின்று தட்டடவு போடுவதில், அதாவது பாதத்தைத் தரையில் தட்டும் முதல் அடவில் (அடிப்படை ஆட்ட அசைவில்) தொடங்குவது. ‘தையா தை’ என்று ஆசிரியர் தாளம் போடும் தட்டுக்கழி விழ விழ, ஒரே அடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும் செய்ய வேண்டும். பிள்ளை களைத்துவிட்டதற்கு அடையாளம் எளிது: பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், கீழ்முதுகு குழியும், முழங்கால்கள் கால்விரலுக்கு நேராக இல்லாமல் உள்ளே சாயும். அந்த நிலையில் இன்னும் இருபது தடவை தட்டச் சொன்னால் பிள்ளை பழகுவது பிழையைத்தான். நல்ல ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்துவார், உட்காரவைத்து முத்திரை சொல்லுவார், கையால் தாளம் போடச் சொல்லுவார், பிறகு எழுப்புவார். அரைமண்டியின் ஆழத்தை முதல் வருடத்தில் வற்புறுத்த மாட்டார், முதுகு நேராக இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்.

பொறுமை உள்ள, கதைகளில் ஆசை உள்ள, ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து சரியாக்குவதில் சந்தோஷப்படும் பிள்ளைக்குப் பரதம் மிக அருமையான தேர்வு. ஆறரை, ஏழு வயதில் தொடங்குவது என் விருப்பம். அதற்கு முன்பே சேர்ப்பதென்றால் முத்திரை, தாளம், சின்னச் சின்ன அபிநயம் என்று முதலில் தந்து அடவைத் தள்ளிவைக்கும் ஆசிரியராகத் தேடுங்கள். முதலில் கற்கும் முழு ஆட்டமான அல்லாரிப்பு எப்போது, அரங்கேற்றம் எப்போது என்று முதல் மாதமே கேட்காதீர்கள். அது பல வருடப் பயணம். அவசரப்பட்டு அரங்கேற்றம் முடித்துவிட்டு அத்தோடு சலங்கையைக் கழற்றி வைத்த பெண்களை நிறையப் பார்க்கிறோம்.

பாலே சின்னப் பிள்ளைகளுக்கான பாடத்திட்டத்தை வயதுவாரியாக அடுக்கி வைத்திருப்பதில் முன்னணியில் இருக்கிறது. லண்டனில் 1920-இல் தொடங்கப்பட்ட ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் போன்ற அமைப்புகள், ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன, ஏழு வயதுக்கு என்ன என்று தனித்தனியாக வகுத்திருக்கின்றன. நிமிர்ந்த உடல், இசையைக் காதுகொடுத்துக் கேட்பது, மென்மையாகத் தரையிறங்குவது, இந்த மூன்றும் பாலேயில் நன்றாக வரும். எச்சரிக்கை இரண்டு உண்டு. ஒன்று, மேலே சொன்ன வெளித்திருப்பை வற்புறுத்துவது. இன்னொன்று, விரல் நுனியில் நிற்கும் பாயின்ட் ஷூ. பல வருடப் பயிற்சிக்குப் பிறகு, பாதமும் கணுக்காலும் போதிய பலம் பெற்று, பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் அதைப் போடலாம். எட்டு வயதிலேயே போட்டுப் பார்க்கச் சொல்லும் வகுப்பு என்றால் அங்கே உடம்பைப் பற்றிய அறிவு குறைவு என்று முடிவுசெய்துவிடலாம். உடல்வாகு பற்றிய பேச்சு பாலே உலகத்தில் நெடுநாளாக இருந்துவரும் ஒரு நோய். அது உங்கள் பிள்ளையின் காதில் விழுகிறதா என்று கவனமாக இருங்கள்.

ஹிப்ஹாப்பையும் சினிமாப் பாட்டுக்கு ஆடும் வகுப்பையும் மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்த ஹிப்ஹாப்பிலிருந்து வளர்ந்த பிரேக்கிங், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக் மேடை வரை வந்தது. கூச்சமுள்ள பிள்ளை சட்டென்று மலர்வது பெரும்பாலும் இந்த வகுப்புகளில்தான். தெரிந்த பாட்டு, வேகமான தாளம், முதல் நாளிலேயே ‘நான் ஆடிட்டேன்’ என்ற திருப்தி. வேகமான தாளம் சின்னப் பிள்ளையின் உடம்புக்கு இயல்பாகப் பொருந்துகிறது என்பதையும் மறக்க வேண்டாம். குறை என்னவென்றால், பல இடங்களில் அடிப்படை எதுவும் சொல்லித்தராமல் வாரத்துக்கு ஒரு பாட்டு என்று ஸ்டெப்பை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். ஆறு மாதம் கழித்துப் புதுப் பாட்டுக்குத் தானாக நான்கு அடி போடச் சொன்னால் பிள்ளை விழிக்கும். பாட்டின் வரிகளும் அசைவுகளும் வயதுக்குத் தக்கவையா என்று பார்க்க வேண்டியதும் இங்கேதான். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களின் காதல் பாவனை எதற்கு? தலையை ஊன்றிச் சுற்றுவது, கழுத்தில் பாரம் ஏற்றுவது போன்றவற்றைச் சின்ன வயதில் செய்யவிடாதீர்கள்.

கும்மி, கோலாட்டம் போல வட்டமாகச் சுற்றி ஆடும் நாட்டுப்புற நடனங்களைத் தனி வகுப்பாக நடத்துகிறவர்கள் குறைவு, கிடைத்தால் அதிர்ஷ்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் அசைகிறார்கள், யாரும் முன்வரிசை இல்லை, எதிரில் இருப்பவரின் கோலைத் தட்டும் நேரம் தவறக் கூடாது. ஐந்து வயதிலிருந்து ஆண், பெண் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிடிக்கும்.

கடைசியாக, எந்தப் பாணியும் இல்லாத படைப்பாற்றல் நடனம். ‘கிரியேட்டிவ் மூவ்மென்ட்’ என்ற பெயரில் நடக்கும். இசையை உடம்பால் கற்க வைத்த சுவிட்சர்லாந்து இசை ஆசிரியர் ழாக்-டால்க்ரோஸ், அசைவை வேகம், பாரம், இடம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றுத்தந்த ருடால்ஃப் லாபன் ஆகியோரின் சிந்தனை இதன் பின்னணியில் இருக்கிறது. பிள்ளை இலைபோல் விழும், யானைபோல் கனமாக நடக்கும், நூலில் கட்டிய பொம்மைபோல் துண்டு துண்டாக அசையும். ‘இதுக்கா பணம் கட்டுறோம்?’ என்று தோன்றலாம். ஆனால் கனமாக அடிவைப்பதற்கும் லேசாக வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் நான்கு வயதில் உடம்புக்குத் தெரிந்துவிட்டால், பின்னால் அது தட்டடவுக்குப் போனாலும் பாலேயின் குதிப்புக்குப் போனாலும் கைகொடுக்கும். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு எல்லாவற்றையும்விட இதையே முதலிடத்தில் வைக்கிறேன். ஏழு வயதுக்கு மேல் இது மட்டும் போதாது. அந்த வயதுப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றத்தை எதிர்பார்ப்பார்கள்.

சேர்த்த பிறகு

முதல் நாலைந்து வகுப்பில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் உண்டு. ‘ஆடவே மாட்டேங்குது’ என்று உடனே நிறுத்திவிடாதீர்கள். அவர்களில் பலர் வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் முழு வகுப்பையும் ஆடிக் காட்டுவார்கள். பார்ப்பதும் கற்பதுதான். வகுப்புக்கு முந்தைய இரவே வயிற்றுவலி, தூக்கத்தில் அழுகை, டீச்சர் பெயரைச் சொன்னாலே முகம் மாறுவது என்றால் அது வேறு. அங்கே என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, வந்தவர்கள் முன்னால் ‘ஆடிக் காட்டு’ என்று சொல்லாமல் இருப்பது. இதை நான் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். பாதி கற்ற அடியைக் கூடத்தில் நடுவில் நின்று ஆடி, யாரோ சிரித்து, அதோடு ஆட்டத்தை விட்ட பிள்ளைகள் உண்டு. பயிற்சி வேண்டுமென்றால் நாளுக்கு ஐந்து நிமிடம், நீங்களும் கூட நின்று. ‘எனக்குச் சொல்லித் தா’ என்று கேளுங்கள். சொல்லித்தர முயலும்போது பிள்ளைக்கு எது தெரியும், எது தெரியாது என்று அதற்கே புரிந்துவிடும்.

ஆண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து வயதில் வகுப்புக்கு வரும் பையன்கள் ஒன்பது வயதில் பெரும்பாலும் காணாமல் போகிறார்கள். ‘பொம்பளப் பிள்ளை மாதிரி ஆடுறே’ என்ற ஒரு சொல் போதும். வகுப்பில் இன்னொரு பையனாவது இருக்கிறானா, ஆண் ஆசிரியர் யாராவது உண்டா, மூத்த மாணவர்களில் ஆண்கள் ஆடுவதைப் பார்க்க வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டு, அப்படி உள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

நிறுத்துவது, மாற்றுவது பற்றி. சேரும்போதே ‘இந்தப் பருவம் முடியுற வரைக்கும் போவோம், அப்புறம் உனக்கு வேணுமா வேணாமானு பேசுவோம்’ என்று பிள்ளையோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதம் போதும். அந்தக் கெடு வந்ததும் உண்மையாகவே கேளுங்கள், சொன்ன பதிலை மதியுங்கள். ‘வேண்டாம்’ என்றால் நடனமே வேண்டாமா, இந்த வகுப்பு வேண்டாமா, இந்தக் கிழமை வேண்டாமா என்று பிரித்துக் கேட்டால் பதில் தெளிவாக வரும். சனிக்கிழமை காலையில் தோழிகளோடு விளையாட முடியவில்லை என்பதுதான் காரணமாக இருந்தால் வேறு பேட்சுக்கு மாற்றினாலே தீர்ந்துவிடும்.